ஒரு வாளி பூ, மூன்று வாளி சருகு

இலைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. தீபாவளி, பெருநாள், பள்ளி விடுமுறை என்று எதற்கும் அவை ஓய்வெடுப்பதில்லை. கிள்ளானில், காப்பார் சாலையை ஒட்டிய அந்தத் தாமான் குடியிருப்பில், வரிசையின் கடைசி வீட்டை வாங்கியவர்களுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் கூடுதலாகக் கிடைத்தது. சந்திரகலாவுக்கு அந்த நிலத்தோடு ஒரு மாமரமும், வேலிக்கு வெளியே நகராட்சி மன்றத்துக்காரர்கள் நட்டுவிட்டு மறந்துபோன ஓர் அங்சானா மரமும் சேர்ந்து கிடைத்தன. இருபத்திரண்டு வருடமாக இரண்டும் மாறி மாறி உதிர்க்கின்றன. ஒன்று ஓய்ந்தால் மற்றது தொடங்கும். இரண்டும் பேசி வைத்துக்கொண்டு செய்கின்றனவோ என்று அவளுக்குச் சந்தேகம்.

விடியற்காலை நாலரைக்கு எழுந்து, புருஷனுக்கு ரத்தத்தில் சீனி பார்த்து, ஊசி போட்டு, பசியாற எடுத்து மூடி வைத்துவிட்டு, தமிழ்ப்பள்ளி கேண்டீனுக்குப் போவாள். அங்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு மீ கிளறி, நாசி லெமாக் பொட்டலம் கட்டி, தட்டு கழுவிவிட்டு இரண்டு மணிக்கு வீடு திரும்பினால், காலையில் பெருக்கிய வாசல் யாரோ பெருக்காமல் போட்ட வாசல் மாதிரி கிடக்கும். செருப்பைக் கழற்றும் முன்பே அதைப் பார்க்கவேண்டியிருக்கும். ஐம்பத்தாறு வயதில் ஒரு மனுஷிக்கு எத்தனை எலும்பு வலிக்க முடியுமோ அத்தனையும் அந்த நேரத்தில் வலிக்கும்.

அந்த இலைகளையெல்லாம் மண்ணாக்கியவர் அவளுடைய புருஷன் திருச்செல்வம். போர்ட் கிள்ளானிலிருந்து ஈப்போ வரைக்கும் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். வீட்டில் இருக்கும் நாளில் சும்மா இருக்கத் தெரியாது. இலையை எரித்தால் மன்றத்துக்காரன் வருவான், மூட்டை கட்டி வைத்தால் குப்பை லோரிக்காரன் தோட்டக் குப்பை எடுக்கமாட்டேன் என்று விட்டுவிட்டுப் போவான். பார்த்தார். பக்கவாட்டு நிலத்தின் கோடியில் மூன்று பக்கம் கல் அடுக்கி, மேலே ஒரு பழைய தகரத்தைப் போட்டு, அதற்குக் குழி என்று பெயர் வைத்தார். உண்மையில் அது குழியே இல்லை, தரைக்கு மேலே நின்ற ஒரு தொட்டி. ஆனால் அவர் வைத்த பெயரை மாற்ற அந்த வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது.

குழிக்கு ஒரே சட்டம்தான். ஒரு வாளி ஈரக் குப்பை போட்டால் மூன்று வாளி சருகு போடவேண்டும். காய்கறித் தோல், முட்டை ஓடு, தேயிலைச் சக்கை எல்லாம் ஈரக் கணக்கில் வரும். சனிக்கிழமை காலையில் அடிமுதல் நுனிவரை புரட்டிவிடவேண்டும். மூன்று மாதத்தில் கறுப்பாக, பொலபொலவென்று மண் வரும். அதை அரிசிச் சாக்கில் கட்டி, கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுப்பார். தெரு முழுக்கக் கறிவேப்பிலையும் துளசியும் அவர் மண்ணில்தான் வளர்ந்தன.

வாங்கிய தெரு சும்மா இருக்குமா? பதிலுக்கு அது பூவைக் கொடுத்தது. வெள்ளிக்கிழமை சாமிக்குப் போட்ட மாலையைக் குப்பைத் தொட்டியில் போட எந்த வீட்டுக்கும் மனம் வராது. பாவம் என்பார்கள். முன்பு ஆற்றில் விட்டார்கள், இப்போது பாலத்துமேல் வண்டியை நிறுத்தினாலே பின்னால் வருகிறவன் ஹார்ன் அடிக்கிறான். அதனால் சனிக்கிழமை விடிந்தால் திருச்செல்வத்தின் கேட்டில் பிளாஸ்டிக் பைகள் வரிசையாகத் தொங்கும். வாடிய சாமந்தி, ரோஜா, வெற்றிலை, வாழையிலை. நாலாவது வீட்டுச் சீதாலெட்சுமி அக்காவின் பைதான் எப்போதும் பெரிது. பக்தியும் பெரிதுதான், சந்தேகமில்லை. குழியைப் புரட்ட ஒரு கை கொடுக்க மட்டும் அந்தப் பக்தி வந்ததில்லை.

போன வருடம் திருச்செல்வத்தின் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். லோரி ஓட்டும்போது குத்திய ஓர் ஆணியை அவர் பெரிதாக நினைக்கவில்லை, சீனி அதைப் பெரிதாக நினைத்துக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். இரண்டு மாதம் அப்படியே கிடந்தார். ஊட்டினால் சாப்பிட்டார். கேட்டால் தலையாட்டினார். செமினியிலிருந்து மகள் உஷாராணி வந்து அழுதாள், அதற்கும் திரும்பவில்லை. இந்த மனிதன் செத்துப்போகத்தான் முடிவு செய்துவிட்டார் என்று சந்திரகலா நினைத்தாள். நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"கலா, குழியப் பெரட்டுனியா?"

இரண்டு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம். அவள் குழிப் பக்கமே போகவில்லை. இருந்தாலும், "பெரட்டிட்டேங்க" என்றாள்.

"கொஞ்சம் எடுத்துட்டு வா, பாக்குறேன்."

ஓடிப்போய் அடியிலிருந்து ஒரு கை மண்ணை ஐஸ்கிரீம் டப்பாவில் அள்ளி வந்தாள். அவர் எழுந்து உட்கார்ந்தார். தானாக, தலையணையைப் பிடித்துக்கொண்டு. மண்ணை விரலால் நொறுக்கினார், மூக்கில் வைத்து மோந்தார், "ஈரம் ஜாஸ்தி லா. சருகு போடு" என்றார். அவள் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அன்றைக்கு அந்த ஒரு பிடி மண் செய்ததை எந்த டாக்டரும் செய்யவில்லை. அதனால்தான் குழி இருக்கும்வரை மனுஷன் இருப்பார் என்று அவள் மனத்தில் எழுதி ஒட்டிக்கொண்டாள்.

அன்றுமுதல் சனிக்கிழமை என்றால் அதுதான். அவர் சக்கர நாற்காலியை அடுப்படிப் பின்வாசல்வரை தள்ளிக்கொண்டு வருவார். அதற்கு அப்பால் கீழே இறங்க ஒரு படி இருந்தது, நாற்காலி தாண்டாது. அங்கே உட்கார்ந்தால் மாமரத்தின் தலை தெரியும், குழி வீட்டு மூலைக்கு அந்தப் பக்கம் மறைந்துவிடும். அவர் வாசலில் உட்கார்ந்து உத்தரவு போடுவார், அவள் மறைவில் புரட்டுவாள். புரட்டி முடித்து டப்பாவில் கொண்டுவந்து, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர் மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லும்வரை காத்திருப்பாள். பிறகு ஆளுக்கு ஒரு கிளாஸ் சீனியும் பாலும் இல்லாத தேநீர், தே ஓ.

ஐந்து மாதம் ஒழுங்காகச் செய்தாள். ஆறாவது மாதம் இடுப்பு பிடித்துக்கொண்டது. மண்வெட்டியைத் தூக்கினால் முதுகில் யாரோ கம்பியை விட்டுத் திருகினார்கள். இலை மட்டும் நின்றபாடில்லை. ஒருநாள் மத்தியானம், பெருக்கிய சருகையெல்லாம் கறுப்புப் பையில் திணித்து, மேலே வீட்டுக் குப்பையைப் போட்டு மறைத்து, லோரிக்கு வைத்துவிட்டாள். லோரிக்காரன் கவனிக்காமல் எடுத்துக்கொண்டு போனான். அடுத்த வாரமும் போனான். திருடியவளுக்கு இருக்கும் நிம்மதி அவளுக்கும் இருந்தது.

சனிக்கிழமை மண்ணுக்கு என்ன செய்வது? கேண்டீனில் கூட வேலை செய்யும் மாதவியின் காரில் போய் நர்சரியில் ஒரு மூட்டை உரம் வாங்கிவந்து, துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அதிலிருந்து வாரம் ஒரு பிடி. சனிக்கிழமை மறைவில் நின்று மண்வெட்டியால் கல்லை நாலு தட்டுத் தட்டுவாள், சத்தத்துக்காக. ஒருமுறை புத்திசாலித்தனமாக யோசித்து, கேண்டீனிலிருந்து முட்டை ஓடு கொண்டுவந்து நொறுக்கிக் கலந்தாள். அவரும் மோந்து பார்த்து, "பரவால்ல" என்பார்.

"சொல்லிரு லா கலா, முடியலன்னு" என்று காரில் வரும்போது மாதவி சொன்னாள். "ஒன்னைய என்ன அடிச்சிரப் போறாரா?"

"அடிச்சா பரவால்ல. திரும்பிப் படுத்துக்குவாரு."



எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும், பூ மட்டும் இல்லையென்றால். சருகைக் கறுப்புப் பையில் திணித்த அதே கை, மாலையைத் திணிக்கப் போனபோது நின்றுவிட்டது. முருகன் கழுத்தில் கிடந்த பூவை மீன் செதிலோடு சேர்த்துக் கட்டுவதா? அவளால் முடியவில்லை. புருஷனிடம் பொய் சொல்லலாம், அது அவர் உயிருக்காக. சாமி பூவைக் குப்பையில் போடுவது வேறு கணக்கு. அதனால் சனிக்கிழமைப் பைகளை மட்டும் கொண்டுபோய்க் குழியில் கொட்டி, தகரத்தைப் போட்டு மூடினாள். மூன்று மாதம், வாரம் ஆறேழு பை. மேலே போட ஒரு வாளி சருகு இல்லை, எல்லாச் சருகும் லோரியில் போயிருந்தது. சாமந்தியும் வாழையிலையும் ஒன்றோடொன்று ஊறி, கொழகொழவென்று கறுத்துக் கிடந்தன. உள்ளே என்ன ஆனது என்று பார்க்க அவளுக்கே பயம். தகரத்தின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள். கல் நாற்றத்தை நிறுத்தாது.

ஒரு திங்கட்கிழமை இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது முதலில் கண்ணில் பட்டது இலை இல்லை. கேட் திறந்து கிடந்தது. உள்ளே போய், "ஏங்க?" என்றாள். பதில் இல்லை. அறையில் இல்லை, பாத்ரூமில் இல்லை. அடுப்படிப் பின்வாசலில் சக்கர நாற்காலி மட்டும் படியோரமாகச் சாய்ந்து நின்றது. படிக்கு அப்பால் மண்ணில் ஏதோ இழுத்துக்கொண்டு போன தடம், வீட்டு மூலைவரை நேராகப் போனது.

எப்படி ஓடினாள் என்று தெரியாது, இடுப்பு வலி எங்கே போனது என்றும் தெரியாது. மூலையைத் திரும்பினால், திருச்செல்வம் குழிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். தகரம் ஒருபக்கம் கிடந்தது. கைலி முழுக்கச் சேறு. வெட்டிய காலில் மண் படாமல் பிளாஸ்டிக் பை ஒன்றைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார், கேட்டில் பூ தொங்கிய பை. முழங்கைவரை அந்தக் கறுப்புக் கூழுக்குள் விட்டு, மாலை நார்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, ஈரத் தலைமுடி மாதிரி பக்கத்தில் குவித்து வைத்திருந்தார்.

"ஐயோ! விழுந்துட்டீங்களா?"

"விழல. எறங்குனேன்" என்றார். "எறங்குறது லேசாத்தான் இருந்துச்சு. ஏறத்தான் முடியல."

"எவ்ளோ நேரமா இங்க உக்காந்திருக்கீங்க?"

"சீதாலெட்சுமி பத்து மணிக்கு வந்துச்சு. வாட தாங்கல அண்ணே, எலி கிலி செத்துக் கெடக்கான்னு பாருங்கன்னு. மூக்கப் பொத்திக்கிட்டுச் சொல்லுது. வாரா வாரம் பை மாட்டுறதே அதுதான்."

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பாள். இப்போது அவர் கையிலிருந்து வழிந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்றம் கண்ணைக் கரித்தது. எல்லாம் முடிந்தது, பார்த்துவிட்டார். இனி மேலே தூக்கிக் கட்டிலில் போட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவார், அவ்வளவுதான்.

"ஏங்க, நான் சொல்லிடணும்னுதான்…" என்று ஆரம்பித்தாள்.

"சருகெல்லாம் எங்க?"

"லோரியில போட்டுட்டேன்."

"எத்தன மாசமா?"

"மூனு."

"அதான் ஒன்னுக்கு மூனு இல்லாம இப்படி அழுகிப் போயிருக்கு" என்றார், அவளிடம் இல்லை, குழியிடம். அவர் குரலில் கோபத்தைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. "அந்த நர்சரி மண்ணு மூட்ட மெஷினுக்குப் பின்னாலதானே இருக்கு? ஈரம் படாம வை."

சந்திரகலா குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியுமா ஒங்களுக்கு?"

"மொத நாளே தெரியும். அதுல தேங்கா நாரு இருந்துச்சு. நாம எந்தக் காலத்துல தேங்கா நாரு போட்டோம்? நம்ம மண்ணுல மாங்கா எல நரம்பு இருக்கும், ஒன்னு ரெண்டு புளியங்கொட்ட இருக்கும். அப்புறம் நீ முட்ட ஓடு வேற போட்ட, பளபளன்னு, நேத்து ஒடச்ச ஓடு."

அவளுக்கு வந்த கோபம் அவளுக்கே புதிதாக இருந்தது. முப்பது வருடமாக அவரிடம் குரல் உயர்த்தாதவள் கத்தினாள்.

"தெரிஞ்சுக்கிட்டா வாரா வாரம் மோந்து மோந்து பாத்தீங்க? நான் அந்தக் கல்லப் போட்டு டங்கு டங்குன்னு தட்டிக்கிட்டுக் கெடந்தேனே, அதுவும் தெரியுமா? மூட்ட தூக்குறேன், மறைக்கிறேன், சாமிகிட்ட மன்னிப்புக் கேக்குறேன், எல்லாம் ஒங்களுக்கு வேடிக்கையா?"

"வேடிக்கை இல்ல கலா."

"அப்புறம் ஏன் கேட்டீங்க? குழியப் பெரட்டுனியா, பெரட்டுனியான்னு?"

அவர் ஒரு நாரை உருவிக் குவியலில் போட்டார். "நீ கொண்டாந்து உக்காருற. அது கறுப்பா இருக்கா காஞ்சிருக்கான்னு என் மொகத்தையே பாக்குற. ஒனக்கு அது வேணும்போலன்னு நெனச்சேன். நான் கேக்காம விட்டா நீ ஒடஞ்சு போயிருவன்னு நெனச்சேன். எனக்கு அந்த மண்ணு மேல இருந்த ஆச எப்பவோ போச்சு. ஒரு கால வச்சுக்கிட்டு உத்தரவு போடுறதுல என்ன இருக்கு?"

"நீங்க கேக்குறீங்களேன்னுதானே நான் கொண்டாந்தேன்!"

"நீ கொண்டாறியேன்னுதானே நான் கேட்டேன்."

இரண்டு பேரும் குழியைப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் வேண்டாத ஒரு பொருள் மூன்று மாதமாக அங்கே அழுகிக்கொண்டிருந்தது. ஈக்களுக்கு மட்டும் நல்ல காலம்.

சந்திரகலாவின் கோபம் வந்த வேகத்தில் வடிந்தது. அது போன இடத்தில் மிஞ்சியது வெறும் அசதிதான். அதை வாய்விட்டுச் சொல்லிவிடலாம் என்று முதல்முறையாகத் தோன்றியது.

"என்னால முடியலங்க" என்றாள். "இடுப்பு முடியல. கேண்டீன், மருந்து, இந்த எல. ஒன்னும் முடியல. அந்தப் பூ மட்டும் இல்லன்னா எப்பவோ மூடியிருப்பேன். அதக் குப்பையில போட எனக்குக் கை வரல. பாவம் இல்லையா?"

திருச்செல்வம் பிளாஸ்டிக் பை சுற்றிய முட்டியைப் பார்த்தார்.

"என் காலு எங்க போச்சு?" என்றார்.

"என்னது?"

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஃபாரம் நீட்டுனாங்க, நீதான் கையெழுத்துப் போட்ட. எடுத்த கால என்ன பண்ணுவாங்கன்னு நீ கேக்கல, நானும் கேக்கல. எந்தக் குப்பையில போச்சோ, எந்த அடுப்புல எரிஞ்சுச்சோ. அறுவது வருசம் என்னையத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச காலு. அதுக்கே ஒரு பூவும் போடல. கால அனுப்பிட்டோம், வாடுன சாமந்தி போனா சாமி கோவிச்சுக்கவா போறாரு?"

அவளுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் விட்டாள். அவர் பாட்டுக்குக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

"ஒரு அட்ட எழுதிக் கேட்டுல மாட்டு. பூ வேணாம், குழி மூடியாச்சுன்னு. வேணாம், நானே எழுதுறேன், ஒன் கையெழுத்து யாருக்கும் வெளங்காது. இதெல்லாம் இப்படியே வெயில்ல காஞ்சு போகட்டும். உஷாகிட்டச் சொல்லி அந்த எடத்துல சிமெண்டு போட்டுக்கலாம்."

"சீதாலெட்சுமி அக்கா கோவிச்சுக்கும்."

"கோவிச்சுக்கிட்டா பூவ அது தலையில வச்சுக்கட்டும்."

அவரைத் தூக்கப் பார்த்தாள். கக்கத்தில் கை கொடுத்து இரண்டுமுறை முயன்றாள், அவர் ஒற்றைக் காலை ஊன்றி எழப் பார்த்தார், இரண்டு பேரும் சேர்ந்து பின்னால் சாய்ந்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டு அய்யாவுதான் வழக்கமாகத் தூக்கிவிடுவான். போர்ட்டில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், வேலை முடிந்து வர ஐந்தரை ஆகும்.

"மணி என்ன?"

"ரெண்டே முக்கா."

"அப்ப உக்காரு" என்றார். "வேற என்ன செய்யப் போற?"

அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையைக் கழுவிவிட்டாள், சீனி பார்த்தாள், சோறு போட்டுக் கொண்டுவந்தாள். நாற்றமடித்த குழியை இப்போதைக்குத் தகரத்தால் திரும்பவும் மூடினாள். வாசலில் பெருக்கவேண்டிய இலை கிடந்தது, பார்த்தாள், விளக்குமாற்றைத் தொடவில்லை. பிறகு அவருக்குப் பக்கத்தில் தரையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினாள். அவர் ஏதோ சொல்லத் திரும்பினார். அதற்குள் அவள் தலை அவர் தோளில் சரிந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிப்போயிருந்தாள்.

திருச்செல்வம் அசையவில்லை. தோள் மரத்தது, ஈ மொய்த்தது, மாமரத்திலிருந்து ஒன்று இரண்டாக இலை விழுந்துகொண்டே இருந்தது. ஒன்று அவள் மடியில் விழுந்தது, அதைக்கூட எடுக்கவில்லை. ஐந்தரைக்கு அய்யாவு வந்து வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, தூக்கி விடட்டுமா?" என்று கேட்டபோது, உதட்டில் விரலை வைத்து, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து வா என்று கையால் காட்டினார்.